தோழியின் கையெழுத்து

அத்தியாயம் 14

கம்பெனி டவுன்ஷிப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தொழிலாளி யாராவது டி டைப் குவார்ட்டர்ஸ் அதிகாரியைப் பார்க்க வந்தால், பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைத்தான் தட்டுவார். முன்வாசல் காலிங் பெல்லை அடிக்க மாட்டார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எட்வர்ட் கிரேன் ஆபரேட்டர். தொழிலாளிகளுக்கான ஏ டைப் குவார்ட்டர்ஸுக்கு ஒன்பது வருஷமாக மனுப் போட்டுவிட்டு, இன்னும் செகந்திராபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். அந்த எட்வர்ட், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு, டெபுடி மானேஜர் சாம்பசிவத்தின் முன்வாசல் மணியை அடித்தார். பக்கத்தில் மகள் யூனிஸ் நின்றாள். ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அவள் தோளில் ஒரு துணிப்பை.

சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்த சாம்பசிவத்தின் மகள் ஜலஜா, மணிச் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துகொண்டாள். போன வாரம் யூனிஸிடமிருந்து அவளுக்கு ஒற்றை வரிதான் வந்திருந்தது. 'ஞாயிறு அப்பாவோடு வருகிறேன். நீ வீட்டில் இரு.'

வருவதற்குக் காரணம் இருந்தது. ஜலஜாவின் அண்ணன் ஜகதீசன், பாங்கு ஆபீசர், இரண்டு வருஷமாக யூனிஸிடம் மனதைக் கொடுத்திருந்தான். நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவள் டைப்பிஸ்ட். பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம். மனதைக் கொடுத்தவன் அதை எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அதுவும் தமிழில்.

யூனிஸ் வீட்டில் ஆகவேண்டிய காரியம் எல்லாமே தமிழில்தான் நடக்கும். வேதப் புத்தகம் தமிழ், ஞானஸ்நானப் பதிவு தமிழ், கல்யாணத்துக்குச் சபையில் வாசிக்கிற அறிவிப்பு ஓலை தமிழ். இங்கிலீஷில் சொன்னது பேச்சு, தமிழில் எழுதினது வாக்கு என்பது அவள் எண்ணம். பாவம், ஜகதீசனுக்குத் தமிழ் பேச வருமே தவிர ஓர் எழுத்துப் படிக்க வராது. ஹைதராபாத்தில் தெலுங்கும் இந்தியும் படித்து வளர்ந்த பிள்ளை.

ஆகவே அவன் சொன்னான், தங்கை எழுதினாள். பதினேழு கடிதங்கள். இது மூன்று பேருக்குமே தெரிந்துதான் நடந்தது.

அந்தக் கடிதங்களை நம்பி யூனிஸ் ஒரு காரியம் செய்திருந்தாள். சிலாஸ் என்ற ரயில்வே கிளார்க்குக்கு அவளைப் பேசி முடித்து, சபையில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசித்தால் கல்யாணம். இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் அவள் குருவானவரிடம் போய், 'நான் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்' என்று சொல்லி நிறுத்திவிட்டாள். சபை முழுக்க அது தெரியும்.

இப்போது அந்த வேறொருவருக்கு மெட்ராஸில் பெண் பார்த்து முடிந்துவிட்டது. பெண் பெயர் அலமு. அதோடு ஒன்றும் நிற்கவில்லை. அலமுவின் அண்ணன் பாலசுப்ரமணியனுக்கு ஜலஜா. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். புதன்கிழமை ஒரே பந்தலில் இரண்டு நிச்சயதார்த்தம்.

ஆக, ஹாலில் வந்து உட்கார்ந்தது யூனிஸின் நியாயம் மட்டும் இல்லை. ஜலஜாவின் கல்யாணமும்தான்.

*

"உட்காரும்மா" என்று சாம்பசிவம் யூனிஸிடம் சொன்னார். எட்வர்டிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

சாம்பசிவம் கெட்டவர் இல்லை. கம்பெனியில் நேர்மையான அதிகாரி என்று பெயர். செகந்திராபாத் தமிழ் வட்டத்தின் தலைவர். பழந்தமிழ்ப் பாட்டில் காதல் வந்தால் மேடையிலேயே கண் கலங்குவார். அன்று சாயங்காலம்கூட ஆண்டு விழாவில் அவர் பேச்சுதான். அதற்கான தாள்கள் டீப்பாயில் அடுக்கியிருந்தன.

யூனிஸ் பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து அந்தத் தாள்களுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"சார், இது உங்க மகன் எனக்குக் குடுத்தது. என்னைக் கட்டிக்கிறேன்னு இதுல இருக்கு. இப்போ வேற இடத்துல முடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டோம். எது நெசம்னு கேட்டுட்டுப் போக வந்தோம்."

குரல் நடுங்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே அழுது முடித்திருப்பாள் போலிருந்தது.

சாம்பசிவம் மேலே இருந்த கடிதத்தைப் பிரித்தார். கோபத்தோடுதான் பிரித்தார். இரண்டாவது வரியில் கோபம் கொஞ்சம் பின்வாங்கியது.

'மழைக்கு முன் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. மழையில் நனைந்துகொண்டே வருகிறவன். உன் வீட்டு வாசலில் என் செருப்போடு சேர்த்து என் குலத்தையும் உத்தியோகத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.'

அவர் உதடு தானாக அசைந்தது. நல்ல தமிழைக் கண்டால் அவருக்கு அப்படித்தான். இன்னொரு முறை படிப்பதற்காகக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அப்போதுதான் வார்த்தையை விட்டு எழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக டீப்பாயின் மேலிருந்த தம்முடைய சொற்பொழிவுத் தாளைப் பார்த்தார்.

இரண்டும் ஒரே கை.

அவர் சொல்லச் சொல்ல எழுதி, பிறகு நகல் எடுத்துக் கொடுப்பது ஜலஜா. பத்து வருஷமாக.

"ஜகதீசா" என்று கூப்பிட்டார்.

ஜகதீசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். யூனிஸ் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அப்பா நீட்டிய தாளை வாங்கி, அதைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் பார்த்தான்.

"அப்பா, எனக்குத் தமிழ் படிக்கவே வராது. உங்களுக்குத் தெரியாததா? நான் எப்படி இதை எழுதியிருப்பேன்?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

யூனிஸ் அவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லச் சொல்ல ஜலஜா எழுதினா. அவளைக் கூப்பிடுங்க" என்றாள்.

*

கூப்பிட வந்தவள் அம்மா கல்பகம். வந்தவள் முதலில் ஸ்டவ்வை அணைத்தாள்.

"என்ன சொல்லப் போறே?"

"நடந்ததை."

"புதன்கிழமை ரெண்டு தட்டு மாத்தப் போறோம். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கும். அது தெரியுமில்லே?"

"தெரியும்மா."

"உனக்கு இருபத்திரண்டு. உங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். அப்புறம் இந்த வீட்டைக் காலி பண்ணணும். நின்னு போன கல்யாணத்தோட உன்னைக் கூட்டிக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போறது?"

"யூனிஸ் ஓலையை நிறுத்திட்டு வந்திருக்காம்மா. எங்களை நம்பி."

கல்பகம் மகளின் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"அவளுக்காக நான் அழ மாட்டேன்னு நினைக்காதே. அப்புறமா அழுவேன். இப்ப நீ போய், விளையாட்டுக்கு எழுதினேன்னு சொல்லு. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. பொண்ணு அசடா இருந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

கல்பகத்துக்கு அது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திக் கண்டுபிடித்தது.

ஜலஜா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள். பதினைந்து அடி தூரம். அந்தப் பதினைந்து அடியில் அவள் மூன்று முறை உண்மையைச் சொல்லத் தீர்மானித்தாள்.

"இது உன் எழுத்துதானே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"யார் சொல்லி எழுதினே?"

யூனிஸ் துணிப்பைக்குள் கையை விட்டபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஜகதீசன் ஜன்னல் கம்பியைச் சுரண்டினான். அம்மா கதவோரம் நின்றாள்.

"யாரும் சொல்லலே. நானா விளையாட்டுக்கு எழுதினேன். அண்ணனுக்குத் தெரியாது."

சொல்லி முடித்தாயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

யூனிஸ் பைக்குள் விட்ட கையை வெறும் கையாக வெளியே எடுத்தாள்.

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நம்பினாரா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனால் நம்புவதற்கு வசதியாக ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்கிற மனிதர்கள் குறைவு.

"பார்த்தீங்களா எட்வர்ட். ரெண்டு பொண்ணுங்களோட சிறுபிள்ளைத்தனம். என் பொண்ணு மேலயும் தப்பு இருக்கு, நான் கண்டிக்கிறேன்" என்றவர், கடிதக் கட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது இங்கேயே இருக்கட்டும். அவ கையெழுத்து வெளியில இருந்தா அவளுக்கு நல்லதில்லே."

எட்வர்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"அப்புறம், குவார்ட்டர்ஸ் லிஸ்ட் இந்த மாசம் கமிட்டிக்கு வருது. உங்க பேரு நாலாவதா இருக்கு. நான்தான் பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. எட்வர்ட் திறந்த வாயை மூடிக்கொண்டார். முப்பதடி உயரத்தில் பத்து டன் இரும்பைத் தூக்கி நிறுத்துகிற மனிதரால் அந்த நாலாவது இடத்தைத் தாண்ட முடியவில்லை.

"வாளா, போவோம்" என்று மகளைக் கூப்பிட்டார்.

யூனிஸ் எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"சாயங்காலம் நீங்க பேசப் போறதா நோட்டீஸ்ல பாத்தேன் சார். ஒரு சந்தேகம். அந்தப் பாட்டுல வர்ற தலைவிக்கெல்லாம் அப்பா என்ன வேலை பாத்தாரு?"

சாம்பசிவம் டீப்பாயிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவருக்குத் தெரியாத கேள்வி இல்லை அது.

*

ஜலஜா சமையலறைக் கதவு வழியாக ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். எட்வர்ட் பஸ் ஸ்டாப்பை நோக்கி முன்னால் போய்க்கொண்டிருந்தார். யூனிஸ் நின்றாள்.

"யூனிஸ்..."

"நீ எத்தனை எழுதின?"

"பதினேழு."

"உங்கப்பா மேசையில வெச்சது பதினாறு." யூனிஸ் பையைத் தொட்டுக் காட்டினாள். "கடைசிக் கடிதத்துக்குக் கீழ அவரு தன் கையால தெலுங்குல கையெழுத்துப் போட்டிருக்காரு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'வருகிற தை மாதத்துக்குள் ரிஜிஸ்டர் ஆபீஸில் மணம் செய்துகொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, இது நான் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டவன் ஜகதீசன். அன்று அவன் பொய்யாக இருக்கவில்லை. ஜலஜா அதற்கு எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வாள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"அதை ஏன் காட்டலே?"

"காட்டத்தான் கையை விட்டேன். நீ வந்தே. இவ சொல்லிடுவா, இது எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஜலஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இப்ப உள்ள வாங்க, காட்டலாம். நானும் சொல்றேன்."

"நக்கோ, வேண்டாம். எங்கப்பா முகத்தைப் பாத்தேல்லா?" யூனிஸ் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்த ஆளு எனக்கு இனிமே வேண்டாம், ஜலஜா. வழியில கிடந்தாக்கூட எடுக்க மாட்டேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கோவில்ல போய் நிக்கணும். இல்லாத வாக்கைச் சொல்லி ஓலையை நிறுத்தினவன்னு அத்தனை பேரும் பாப்பாங்க. நான் பொய் சொல்லலைன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும். அது நீயா இருக்கும்னு நினைச்சேன்."

பஸ் வந்ததும் யூனிஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். எட்வர்ட் ஏறினார். மகள் ஏறுவதற்குக் கை கொடுத்தார். அவர் ஜலஜா பக்கம் பார்க்கவில்லை.

*

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, சாம்பசிவத்தைத் தவிர. அவருக்குச் சாயங்காலம் பேச வேண்டியிருந்தது.

ஜகதீசன் ஜலஜாவின் அறை வாசலில் வந்து நின்றான்.

"தேங்க்ஸ், ஜலா."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

"அவ நல்ல பொண்ணுதான். நான் இல்லேங்கலே. ஆனா யோசிச்சுப் பாரு, பாங்குல எங்க மானேஜர் வீட்டுக்கு விருந்துக்குப் போனா, மாமனார் என்ன செய்றார்னு கேட்பாங்க. கிரேன் ஓட்டறார்னு சொல்லவா? அதுவும் அப்பாவோட ஒர்க்ஷாப்லயே?"

"கடிதம் எழுதச் சொன்னப்பவும் அவர் கிரேன்தானே ஓட்டினார்?"

"அப்ப அதெல்லாம் தோணலே. நீ எழுதறதை வாசிச்சுக் காட்டுவியே, கேட்டா எனக்கே நான் பெரிய ஆள் மாதிரி இருக்கும். நான் சொன்னது ரெண்டு வரி. நீ எழுதினது ரெண்டு பக்கம். தப்பு உன் மேலயும் இருக்கு, ஜலா."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் அவளை அறுத்தது. ஏனென்றால் அது உண்மை.

அவன் 'மிஸ் பண்றேன்னு எழுது' என்பான். அவள் அப்பாவிடம் கற்ற தமிழையெல்லாம் அதில் கொட்டுவாள். மலையும் மழையும் காத்திருப்பும் சத்தியமும் அவள் போட்டவை. ஒரு டைப்பிஸ்டைத் தலைவியாக்கி, பாங்கு ஆபீசரைத் தலைவனாக்கி, நடுவில் தான் தோழியாக நின்றுகொண்டாள். அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. பழைய பாட்டில் தோழிதான் எல்லாம் செய்வாள். தூது போவாள், காவல் இருப்பாள், அம்மாவிடம் பேசுவாள். எத்தனை பாட்டு நகல் எடுத்திருக்கிறாள், அந்தத் தோழிக்கு ஒரு பெயர் இருந்து அவள் பார்த்ததில்லை. அவள் யாரை விரும்பினாள் என்று எந்தப் பாட்டிலும் வந்ததில்லை. இன்றுவரை அது அவளுக்கு உறைத்ததும் இல்லை.

மேஜை இழுப்பறையில் அப்பாவின் பேச்சுக்கு முதலில் எழுதிய தாள்கள் கிடந்தன. அதில் ஒரு பத்தியை அடித்திருந்தாள். அடிக்கச் சொன்னது அவர்தான். ஏவல் செய்கிறவர்களுக்கும் கூலிக்கு உழைக்கிறவர்களுக்கும் வருகிற காதலை அந்தக் காலத்து இலக்கணம் நடுவீட்டில் உட்கார வைக்கவில்லை, வெளியே தள்ளித்தான் வைத்தது என்று அவரே சொல்லி எழுதிய பத்தி. 'விழாவுல இது எதுக்கு? நம்ம ஜனங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க. அடிச்சிடு' என்றார் போன செவ்வாய்க்கிழமை. அவளும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள்.

காலையில் எட்வர்ட் நின்றுகொண்டே இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

*

செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆண்டு விழா. ரயில்வேக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், ராணுவக் கணக்கு ஆபீஸ்காரர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்து நிறைந்திருந்தன. முன் வரிசையில் நிச்சயதார்த்தத்துக்காக மெட்ராஸிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார். பெண்கள் பக்கம் பாலசுப்ரமணியனின் அம்மா கனகவல்லி, கல்பகத்தின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு ரவிக்கைத் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் நடைபாதை ஓரமாகப் பாலசுப்ரமணியன். மெட்ராஸில் கல்லூரி ஆசிரியர். இரண்டு தடவை ஜலஜாவோடு பேசியிருக்கிறான். இரண்டு தடவையும் அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டுவிட்டு, பதிலையும் கேட்டவன். அப்படிப்பட்டவர்கள் அதிகம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இழக்கப் போவது என்ன என்பதும் தெரியும்.

சாம்பசிவம் பிரமாதமாகப் பேசினார். தோழி அறத்தோடு நிற்பதைப் பற்றித்தான் பேச்சு. மகளுக்கு வேறிடத்தில் மணம் பேசுகிறார்கள். தலைவியால் வாய் திறக்க முடியாது. அப்போது தோழி முன்னால் வந்து, என் தலைவி ஏற்கெனவே ஒருவனுக்கு உரியவள் என்று உண்மையைச் சொல்கிறாள். அதனால் தனக்கு என்ன வரும் என்று அவள் யோசிப்பதே இல்லை.

"அந்த ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லில் நம் இனத்தின் அறமே நிற்கிறது" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை. உண்மையாகவே தழுதழுத்தது. ஹாலில் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

அவர் கையில் இருந்த தாள் ஜலஜாவின் எழுத்து. அண்ணன் சொன்ன காதலும் அவள் எழுத்து, அப்பா சொல்கிற அறமும் அவள் எழுத்து. அவளுக்கென்று அந்தக் கையால் ஒரு வரி எழுதியதில்லை.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். தமிழ் வட்டத்தில் அது வழக்கம். கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் அனுப்புவார்கள். கை மாறிக் கை மாறி மேடைக்குப் போகும். பேச்சாளர் வாசித்துப் பதில் சொல்வார்.

ஜலஜா விழா நோட்டீஸைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினாள். மடித்து முன்னால் கொடுத்தாள்.

சாம்பசிவம் மூன்று சீட்டுகளை வாசித்தார். மூன்றுக்கும் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னார். நான்காவதைப் பிரித்தார்.

'ஏவல் செய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்குத் தலைவன் சத்தியம் சொன்னான். தோழி அதை எழுதிக் கொடுத்தாள். பிறகு தலைவன் இல்லை என்றான். தோழியும் தன் கல்யாணத்துக்குப் பயந்து பொய் சொன்னாள். அய்யா, இந்தத் தோழிக்கு அறத்தோடு நிற்க இன்னும் நேரம் இருக்கிறதா?'

மைக்கில் அவர் மூச்சு விடுவது கேட்டது. சீட்டை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. எழுத்தைப் பார்ப்பதற்குத்தான் ஆனது. தலையைத் தூக்கி ஹாலில் யாரையோ தேடினார். மகளின் கண்ணைச் சந்தித்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார்.

சீட்டை நான்காக மடித்து ஜிப்பா பையில் போட்டார்.

"நேரமாகிவிட்டது. மற்ற கேள்விகளை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்."

கைதட்டல் கேட்டது. பொன்னாடையோடு செயலாளர் மேடை ஏறினார்.

ஜலஜா எழுந்து பின்பக்கம் காபி வைத்திருந்த தாழ்வாரத்துக்குப் போனாள். டம்ளரை எடுத்தாள், குடிக்க முடியவில்லை, திருப்பி வைத்தாள்.

"சூடா இருக்கா?"

பாலசுப்ரமணியன் நின்றுகொண்டிருந்தான்.

"இல்லே..."

"அந்த நாலாவது சீட்டு என் கை வழியாத்தான் மேடைக்குப் போச்சு. பிரிச்சுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பழக்கதோஷம், வாத்தியாராச்சே" என்றான். சிரிக்க முயன்றவன் பாதியில் விட்டுவிட்டான். "உங்கப்பா அதுக்கு ஏன் பதில் சொல்லலேன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். அந்தத் தோழி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். காலையில் சொன்னதைவிடச் சின்னப் பொய். சொன்னால் புதன்கிழமை இரண்டு தட்டும் மாறும். அடுத்த ஞாயிறு யூனிஸ் கோவிலில் தனியாக நிற்பாள்.

"நான்தான்" என்றாள் ஜலஜா. "தலைவன் எங்கண்ணன். உங்க தங்கச்சிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை. அந்தப் பொண்ணு பேரு யூனிஸ். அவ பொய் சொல்லலே. அவகிட்ட அண்ணன் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒண்ணு இருக்கு."

அவன் முகம் மாறியது. அவனுக்கு இவளைப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்.

அவன் ஜலஜா வைத்த டம்ளரை ஓரமாக நகர்த்தினான். தங்கை அலமுவை நினைத்திருக்கலாம். மெட்ராஸில் அச்சடித்து வந்துவிட்ட பத்திரிகைகளை நினைத்திருக்கலாம். பிறகு கேட்டான்.

"அம்மாகிட்ட நான் சொல்லவா? நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

தாழ்வாரத்திலிருந்து முன் வரிசைக்கு முப்பது அடி இருக்கும். ஜலஜா நடந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. மேடையில் பொன்னாடையோடு நின்ற சாம்பசிவம் மகள் போவதைப் பார்த்தார். கையை உயர்த்திக் கூப்பிடப் பார்த்தார். நூறு பேர் முன்னால் கூப்பிட முடியவில்லை.

கனகவல்லியின் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த கல்பகம் நிமிர்ந்தாள். வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கனகவல்லி பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.